கடிவாளம் பிடித்தவன் பெயர்

எழுதிக்கொள்ளும். என் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆறு அநியாயம் இருக்கிறது. வரிசை மாறாமல் எழுதும். ஒலிம்பியாவில் நான்கு ஆண்டுக்கு ஒரு பந்தயம், பந்தயத்துக்கு ஓர் அநியாயம். எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை.

முதலாவது. என் அண்ணன் மெலாந்தன் நான்கு குதிரைத் தேரை ஓட்டி வென்றான். பன்னிரண்டு சுற்று. இறங்கும்போது உள்ளங்கைத் தோல் கடிவாளத்தோடு வந்துவிட்டது. தேருக்குச் சொந்தக்காரன் அரிஸ்தாகரன் பந்தல் நிழலில் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தான். கட்டியக்காரன் எழுந்து யார் பெயரைப் படித்தான்? அத்திப்பழம் தின்றவன் பெயரை. ஒலிவ இலை முடியும் அவன் தலைக்கே. என் அண்ணன் நெற்றியில் கம்பளி நாடா ஒன்றைக் கட்டினார்கள், பலிக்குக் கொண்டுபோகும் கிடாய்க்குக் கட்டுவார்களே, அதுபோல.

இரண்டாவது. அதே முதலாளி, அதே அண்ணன். ஐந்தாம் சுற்றில் தூணை ஒட்டித் திரும்பும்போது அச்சு முறிந்தது. செய்தி சொல்ல ஓடியவனிடம் அரிஸ்தாகரன் கேட்ட முதல் கேள்வி: "இடப்பக்கக் குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?" குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனை ஆற்றங்கரையில் எரித்துவிட்டு வந்தோம்.

மூன்றாவது. வென்ற முதலாளி ஒலிம்பியாவுக்கு வரவே இல்லை. கடல் தாண்டி, சிசிலியில், வயிற்றுப்போக்கில் படுத்துக் கிடந்தான். நாற்பதாயிரம் பேர் நடுவில் அவன் பெயரைப் படித்தார்கள்.

நான்காவது. முதலாளி செத்துப்போனான். குதிரைகள் மகனுக்கு வந்தன. மகன் தொட்டிலில் இருந்தான். பல் முளைக்காத பிள்ளை தேர்ப்பந்தயத்தில் வென்றது. சிரிக்காதீர். நான் அன்றைக்கும் சிரிக்கவில்லை.

ஐந்தாவது. ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒரு பணக்காரன் வென்றான். கட்டியக்காரன் அவனிடம் "யார் பெயர்?" என்று கேட்டபோது, தன்னை விரட்டிய அரசனின் பெயரைச் சொன்னான். அதையே படித்தார்கள். அரசன் குளிர்ந்துபோய் அவனை ஊருக்குள் சேர்த்துக்கொண்டான். எனக்கு அன்றைக்குத்தான் விதி முழுதாகப் புரிந்தது. வெற்றி முதலாளியுடையது. அதை அவன் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அரசனுக்குக் கொடுக்கலாம், மச்சானுக்குக் கொடுக்கலாம். தேரை ஓட்டியவனுக்கு இதுவரை எவனும் கொடுத்ததில்லை. விதி தடுக்கவில்லை ஐயா. மனம்தான் வரவில்லை.

ஆறாவது. நான் எழுந்து நின்றேன். கட்டியக்காரன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, "ஓட்டினவன் பேரைப் படி!" என்று கத்தினேன். நடுவர்களின் தடிக்காரர்கள் என்னை இழுத்துப்போட்டுப் பத்தொன்பது அடி அடித்தார்கள், அத்தனை பேர் பார்க்க. முதுகைக் காட்டட்டுமா? வேண்டாமா? சரி, பிறகு பாரும்.

நீர் ஊர் ஊராகப் போய், வென்றவர்களின் பட்டியல் தயாரிக்கிறீராம். நல்ல வேலைதான். நிழலில் உட்கார்ந்து செய்யலாம். பேரும், அப்பன் பேரும், ஊரும் போதும் என்கிறீர். எல்லோருக்கும் அதுதான் போதும். அப்படியே போதும் போதும் என்று எழுதித்தான் என் அண்ணன் இல்லாமல் போனான்.

என் வீட்டுக்கு உமக்கு வழி காட்டியவன் யார்? கீழத்தெருவில் உட்கார்ந்து தோல் வார் தைக்கிறானே, வலது கால் இல்லாதவன், அவனா? கையால் காட்டினானா, தாடையால் காட்டினானா? என்னைப் பற்றி என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லையா? அதுதான் அவன் வழக்கம். அவன் பெயர் லைக்கோன். என் அண்ணன் மகன். அண்ணன் எரியும்போது அவனுக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன். வளர்த்தது என்றால், நான் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் சாப்பிட்டான். ஆனால் அவனுக்கு அறிவைக் கொடுத்தது நான்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கோயில் சுவர்களில் சட்டங்களைச் செதுக்கி வைத்திருப்பார்களே, அதை விரலால் தடவித் தடவி எழுத்துக் கற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் படிப்பேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். சுண்ணாம்பு பூசிய பலகையில் நாலு வரி எழுதிச் சந்தைகளில் தொங்கவிடுவேன். "தேர் ஓடியது யார் கையால்?" என்று ஒரு பலகை. "முடி ஒருவனுக்கு, முறிந்த எலும்பு ஒருவனுக்கா?" என்று இன்னொன்று. பதினோரு ஊரில் தேரோட்டிகள் என் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அவர்களிடம் போய்க் கேளும், தார்சிப்பன் யார் என்று. காறித் துப்புவார்கள். எழுத்துத் தெரியாத கூட்டம்.

நான் கடிவாளம் பிடித்திருக்கிறேனா என்று கேட்கிறீர். இல்லை. ஒருநாளும் இல்லை. குதிரை என்றால் எனக்குத் தும்மல் வரும். அதனால் என்ன? மருத்துவனுக்கு நோய் வந்தால்தான் மருந்து கொடுப்பானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடி வாங்கி வந்து படுத்திருந்தபோது எனக்கு ஒரு வழி தோன்றியது. முதலாளிதானே பெயரைச் சொல்ல வேண்டும்? அப்படியென்றால் முதலாளியே இல்லாத ஒரு தேர் ஓடட்டும். தேரோட்டிகள் சேர்ந்து ஓட்டட்டும். வென்றால், கட்டியக்காரன் கேட்கும்போது, ஓட்டியவன் பெயரைச் சொல்வோம். ஒரே ஒருமுறை அது காதில் விழுந்துவிட்டால் போதும், அடுத்த பந்தயத்திலிருந்து எல்லாத் தேரோட்டியும் வாயைத் திறப்பான். இது என் யோசனை. எழுதிக்கொள்ளும், என் யோசனை.

எங்கள் ஊர் தெலாயாவில் அப்போது நான்கு தேரோட்டிகள் இருந்தார்கள். முதலாளிகள் கழித்துக்கட்டும் குதிரைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து வந்தார்கள். ஒன்றுக்கு இருமல். ஒன்றுக்கு ஒரு கண்ணில் பூ. ஒன்று யாரையும் ஏறவிடாது. வலப்பக்க ஓரத்துக்கு ஒரு கிழட்டுப் பெண்குதிரை, பெயர் புழுதி. மூன்று ஆண்டு அவற்றைப் புல்லும் கொள்ளும் கொடுத்துத் தேற்றினார்கள். காலையில் முதலாளி வீட்டுக் குதிரைகளுக்கு ஊழியம், மாலையில் இவற்றுக்கு. லைக்கோன் அவற்றோடு லாயத்திலேயே கிடந்தான். நால்வரில் அவன்தான் இளையவன், அவன் கைதான் நல்ல கை. அவன் ஓட்டுவது என்று மற்ற மூவரும் முடிவு செய்தார்கள். அவன் பெயரைப் படிக்க வைப்பது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். மெலாந்தன் மகன் லைக்கோன். தகப்பன் பெயரும் சேர்ந்துதானே வரும்? ஒரே மூச்சில் இரண்டு தேரோட்டியின் பெயர். யோசித்துப் பாரும்.

பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்னால் எலிஸ் நகரத்தில் பதிவு. வரிசையில் நான் நின்றேன். பேசத் தெரிந்தவன் நான்தானே. பதிவு எழுதுகிறவன் தலையைத் தூக்காமல் கேட்டான்:

"தேருக்கு முதலாளி யாரு?"

"முதலாளி கிடையாது. தெலாயா ஊர்த் தேரோட்டிகள் நாலு பேர்."

"நாலு பேர் பேரெல்லாம் ஏறாது. ஒரு தேருக்கு ஒரு பேரு. பின்னால வரிசை நிக்குது பாரு, சீக்கிரம் சொல்லு."

லைக்கோன் பெயரைச் சொல்லலாம் என்றால், பதிபவன் நேரில் நிற்க வேண்டும். அவன் தெருக்கோடி லாயத்தில் இருமல் குதிரைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் பின்னால் வரிசை நின்றது. என் பெயரைக் கொடுத்தேன். பதிவு சூரியன் சாயும்வரை திறந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்து சொன்னதும் மிக்கோன் எழுந்து கும்பிடு போட்டான். நால்வரில் மூத்தவன், நாக்கு மட்டும் சாட்டை.

"வாங்க முதலாளி! உக்காருங்க முதலாளி! அத்திப்பழம் கொண்டாரச் சொல்லவா?"

"மிக்கோன், இது வெறும் பலகையில எழுதுற பேரு. கட்டியக்காரன் கேக்குறப்ப நான் லைக்கோன் பேரைத்தான் சொல்லப்போறேன்."

"சத்தியமா?"

"என் அண்ணன் மேல சத்தியம்."

"உன் அண்ணன் செத்துப்போனவன். செத்தவன் மேல சத்தியம் பண்றது சுலபம். இவன் தலையில அடி."

லைக்கோன் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "விடுங்கண்ணே, சித்தப்பாவை யாரு நம்பாம இருப்பா?" என்றான். அவன் சொன்னது இது. இப்போது என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறானே, அதே ஆள்.

பந்தயத்தன்று காலை தேரைப் பூட்டும்போது அவன் என்னிடம் வந்தான். வெள்ளை அங்கியைப் போட்டிருந்தான். அவன் அப்பன் போட்ட அங்கி, தோளில் ஒட்டுப்போட்டது.

"சித்தப்பா, ஒருதரம் சொல்லிக் காட்டுங்க."

"என்னத்தை?"

"அங்க எப்படிச் சொல்வீங்களோ, அப்படி."

"மெலாந்தன் மகன் லைக்கோன், தெலாயா."

"இன்னொரு தரம்."

மூன்று தரம் சொல்லவைத்தான். பிறகு பந்தயத்தைப் பற்றிப் பேசினான். கிழக்குத் தூணுக்கு எதிரே ஒரு பலிபீடம் உண்டு. அங்கே குதிரைகள் காரணமில்லாமல் மிரளும், எந்தக் காலத்திலிருந்தோ அப்படித்தான். "புழுதி அந்தப் பீடத்தைக் கண்டா ஒதுங்குவா. நான் அந்தத் திருப்பத்துல தள்ளியே போறேன். மூணாவதா வந்தாலும் தேர் முழுசா வரும்" என்றான். மூன்றாவதா? மூன்றாவது வருபவனின் பெயரை எவன் படிப்பான்? இருபத்துநான்கு ஆண்டு நான் அடி வாங்கியது மூன்றாவது வருவதற்கா? தூணை ஒட்டிப் போ, கடைசிச் சுற்றிலாவது ஒட்டிப் போ என்றேன். தளபதி சொன்னால் சிப்பாய் கேட்க வேண்டும். கேட்டான்.

முதலாளியாகப் பதிந்தவன் முதலாளிகளின் பந்தலில்தான் உட்கார வேண்டும், அது விதி. போய் உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. ஈயும் தூசியும் தண்ணீரில்லாத ஜனமும். உள்ளே நிழல் நன்றாகத்தான் இருந்தது. யாரோ தட்டை நீட்டினார்கள். எடுத்துக்கொண்டேன். நீட்டும்போது வேண்டாம் என்பது மரியாதையா? மூன்று இடம் தள்ளி அரிஸ்தாகரன் இருந்தான். கிழவனாகியிருந்தான். அவன் தேரும் ஓடியது. என்னைப் பார்த்து, "முதுகு ஆறிடுச்சா?" என்றான்.

நாற்பது தேர் புறப்பட்டது. ஆறாம் சுற்றில் இருபது. பத்தாம் சுற்றில் ஒன்பது. மற்றவை உடைந்தும் ஒன்றில் ஒன்று ஏறியும் ஓரத்தில் கிடந்தன. லைக்கோன் மூன்றாவதாக, அப்பன்போலவே முழங்காலை மடக்கி, குதிரைகளோடு பேசிக்கொண்டே வந்தான். பதினொன்றில் இரண்டாவது. முன்னால் அரிஸ்தாகரன் தேர் மட்டும்.

கடைசித் திருப்பம். தூணுக்கும் அரிஸ்தாகரன் தேருக்கும் நடுவே ஒரு தேர் நுழையுமளவு இடம் இருந்தது, அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. லைக்கோன் நுழைந்தான். நான் சொன்னபடி தூணை ஒட்டி. பீடத்தைக் கண்டு புழுதி ஒதுங்கினாள். தேரின் இடச்சக்கரம் தூணில் ஏறி இறங்கியது. லைக்கோன் மேலே போனதைப் பார்த்தேன். கீழே விழுந்ததைப் பார்க்கவில்லை, அரிஸ்தாகரன் தேர் மறைத்துவிட்டது. அதன் சக்கரம்தான் காலில் ஏறியது என்றார்கள்.

குதிரைகள் நிற்கவில்லை ஐயா. மூன்று ஆண்டு அவன் சொல்லிக்கொடுத்த பாடம், அவன் இல்லாமலே ஓடின. காலித் தேர் குதித்துக் குதித்துப் பின்னால் வந்தது. அரிஸ்தாகரன் தேரை ஒரு குதிரை நீளத்தில் தாண்டிக் கோட்டைக் கடந்தன. கூட்டத்தில் பாதி சிரித்தது, பாதி எழுந்து நின்றது.

உடனே அரிஸ்தாகரன் தடியை ஊன்றிக்கொண்டு நடுவர்கள் முன்னால் போய்விட்டான்.

"ஆளில்லாத தேரு தேரா? பந்தயத்தை முடிக்கிறவன் தேரோட்டி. அவன் கையில கடிவாளம் இருந்தாத்தான் வெற்றி. இவங்க தேரோட்டி அங்க மண்ணுல கிடக்கான். வெற்றி எனக்கு!"

கேட்டீரா? இருபத்துநான்கு ஆண்டு நான் கத்தியதை, அத்திப்பழக் கிழவன் தனக்கு வேண்டும் என்றதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். என் வார்த்தையைத் திருடினான். விடுவேனா? நானும் போனேன். ஊதா அங்கி போட்ட நடுவர்கள் பத்துப் பேர் முன்னால் நின்றேன். என் முதுகில் அடிக்கச் சொன்ன அதே ஆட்கள்.

"ஐயாமார்களே," என்றேன், "தொட்டில் குழந்தை வென்றபோது அதன் கையில் கடிவாளம் இருந்ததா? சிசிலியில் படுத்திருந்தவன் கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் நீங்கள் சொன்ன விதி என்ன? வெற்றி முதலாளியுடையது. தேரோட்டி யார்? நுகத்தடி ஒரு பாகம், அச்சாணி ஒரு பாகம், ஓட்டுகிறவன் ஒரு பாகம். வழியில் ஓர் ஆணி கழன்று விழுந்தால் வெற்றியும் விழுந்துவிடுமா? என் குதிரைகள் முதலில் வந்தன. விதியைப் படியுங்கள், சுவரில் இருக்கிறது, மூன்றாவது வரி."

என் வாழ்நாளில் அதைவிட நல்ல பேச்சு பேசியதில்லை. நடுவர்களில் இருவர் தலையாட்டினார்கள். அரிஸ்தாகரன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், கிழவன், கண்ணில் நீர் வர. "அடப்பாவி," என்றான். "உன்னை அடிச்சதுக்குப் பதிலா ஒரு குதிரையைக் கொடுத்திருக்கலாம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மிக்கோனும் மற்ற இருவரும் உடைந்த தேரின் பலகையில் லைக்கோனைக் கிடத்தித் தூக்கி வந்திருந்தார்கள். பெயரைப் படிப்பது அவனுக்குக் கேட்க வேண்டுமாம், அவனே கேட்டானாம். எப்போது வந்தார்கள், என் பேச்சில் எதுவரை கேட்டார்கள், எனக்குத் தெரியாது. லைக்கோனின் கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, துணிதான் இருந்தது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். தலைமை நடுவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"உன் வாதம் சரி. வெற்றி உன்னுடையது. உனக்குச் சொந்தமானதை நீ யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். கட்டியக்காரனிடம் பேரைச் சொல்லு."

இந்த இடத்தில்தான் ஊர் என்னைத் தப்பாகப் பேசுகிறது. வென்றவன் ஊர் திரும்பினால் மதிலை இடித்து வழிவிடுவது எல்லா ஊரிலும் வழக்கம். எனக்கு வாயில் கதவையே பாதிதான் திறந்தார்கள். நீர் படித்தவர், யோசித்துச் சொல்லும். ஓட்டியவன் வெறும் ஆணி என்று அப்போதுதான் வாதாடியிருக்கிறேன், அடுத்த மூச்சில் ஆணியின் பெயரைச் சொன்னால் நடுவர்கள் என்ன நினைப்பார்கள்? கொடுக்கலாம் என்று அவரே சொன்னாரே என்பீர். சொன்னார். வாயால் சொன்னார். மனதில் என்ன இருந்ததோ! அதுமட்டுமா? லைக்கோனை யாருக்குத் தெரியும்? தெலாயாவுக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. என்னைத் தெரியும். அந்த நாற்பதாயிரம் பேர் முன்னால் அடி வாங்கியவன் நான். தேரோட்டிகளின் போராட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் அது யார் பெயர்? அவர்களில் ஒருவன் பெயரா, அவர்கள் எல்லோருக்குமாகப் பேசியவன் பெயரா? இதைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். உடைத்துப் போட்டிருந்தால்கூட வருத்தமில்லை. பலகையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

கட்டியக்காரன் என்னிடம் குனிந்தான். வாயில் பூண்டு நாற்றம். "யார் பேரு?" என்றான். கூட்டம் அடங்கிப்போயிருந்தது. அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் குதிரை மூச்சு வாங்குவது கேட்டது. பலகையில் கிடந்தவன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்து அவன் உதடு அசைந்தது. காலையில் மூன்று தரம் சொல்லவைத்தானே, அதையே நான்காம் தரம் எனக்கு எடுத்துக் கொடுக்கிறான் என்று புரிந்தது. எனக்கு எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்? எனக்குப் பேசத் தெரியாதா?

நான் சொன்னேன். கட்டியக்காரன் நிமிர்ந்தான். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, கிழக்கே ஒருதரம், மேற்கே ஒருதரம், நாற்பதாயிரம் பேருக்கும் பலகையில் கிடந்த ஒருவனுக்கும் கேட்கும்படி படித்தான். எழுதிக்கொள்ளும், ஓர் எழுத்துப் பிசகாமல்:

"நான்கு குதிரைத் தேர். வென்றவன், கோரிபோன் மகன் தார்சிப்பன், தெலாயா."